நிற்கிற கோடுகள்

திண்டுக்கல்,
19.12.2024

மதினிக்கு,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை. போடாமலே எழுதுகிறேன்.

வீட்டில் இருப்பது ஒரே போன், அதுவும் அண்ணன் சட்டைப்பையில். அதனால்தான் இந்தக் கடிதம். என் சிநேகிதி ரீனா தினமும் இங்கிருந்து நிலக்கோட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்க வருகிறவள், மத்தியானம் உங்கள் கையில் சேர்த்துவிடுவாள். பதில் எழுதுவதானால் அவளிடமே கொடுங்கள். எழுதாவிட்டாலும் நஷ்டமில்லை.

அவள் வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். காலையில் அவள் அம்மாவின் இட்லிக் கடையில் மாவு அரைக்கிறேன். நான்கு வருடம் வண்டி ஓட்டிய கைக்குக் கிரைண்டர் பெரிய வேலையில்லை.

கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்தவளை நிலக்கோட்டை எப்படிப் பார்த்தது என்று உங்களுக்குத் தெரியும். அப்பாவின் குட்டியானை லோடு வண்டியை நான் ஓட்ட ஆரம்பித்த பிறகுதான் நிமிர்ந்து நடந்தேன். "பொம்பள ஓட்டுற வண்டியில பூ ஏத்துனா போய்ச் சேராது"ன்னு பூச்சந்தையில் சிரித்தவர்களுக்கு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்து பதில் சொன்னது நீங்கள். அதே நீங்கள் அண்ணனிடம் போய், "அவளுக்குக் கண்ணு சரியில்ல, இனி வண்டியக் குடுக்காதீக"ன்னு சொல்லியிருக்கிறீர்கள். மறுநாள் சந்தை முழுக்க அதே பேச்சு. செவ்வந்திக் கூடை இறக்குகிறவன்கூட என் முகத்துக்கு நேரே இரண்டு விரலைக் காட்டி, "இது எத்தனை?" என்று கேட்கிறான். அண்ணன் என் கையிலிருந்து சாவியை வாங்கி டிரைவர் கிளெமென்ட்டிடம் கொடுத்ததை அத்தனை பேரும் பார்த்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் செம்பட்டி தாண்டி நடந்தது என்ன? எதிரே லாரி வந்தது. நான் இடது பக்கம் ஒதுங்கினேன். விளக்கில்லாமல் ஒரு டிராக்டர் நின்றது, அது யார் தப்பு? நான் சமாளித்திருப்பேன். நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்ததால்தான் டிரெய்லர் முனையில் வண்டி உரசியது. இதை அண்ணனிடம் சொன்னீர்களா?

திண்டுக்கல்லில் கண் ஆஸ்பத்திரிக்குக் குறைவில்லை. என் கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கி வந்து உங்கள் கதவில் ஒட்டுகிறேன். சந்தையிலும் ஒன்று ஒட்டுவேன்.

சுகன்யா

*

நிலக்கோட்டை,
24.12.2024

சுகன்யா,

கோபத்தில் எழுதினால் உன் கையெழுத்து நன்றாக இருக்கிறது. நான் அன்றைக்கு அடிபட்ட இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு, தாள் நகராமல் முழங்கையை வைத்து அழுத்தியபடி எழுதுகிறேன். என் கை எப்படி இருக்கிறது என்று நீ ஒரு வரி கேட்கவில்லை. சரி, போகட்டும்.

சொன்னேன். மறைக்கவில்லை. நாளைக்கு யாராவது கேட்டாலும் சொல்வேன். ஆனால் உன் அண்ணனிடம், வீட்டுக்குள், அடுப்படியில் வைத்துச் சொன்னேன். சந்தையில் சொன்னது அவர். "தங்கச்சிக்குக் கண்ணு மங்கிப்போச்சுப்பா, அதான் கிளெமென்ட்டைப் போட்டேன்"ன்னு அவர் வாயாலேயே பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டார். நான் அதற்காக அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. அது உனக்குத் தெரிய நியாயமில்லை.

இப்போது அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். எதிரே லாரி வரவில்லை. வந்தது ஒரு பைக். ஒரே விளக்கு. நீ அதை லாரி என்று நினைத்து இடது பக்கம் ஒரேயடியாக ஒதுங்கினாய். டிராக்டர் நின்றது, விளக்கில்லை, அது அவர்கள் தப்புத்தான். ஆனால் டிரெய்லருக்குப் பின்னால் ஒரு பொம்பளை நின்று சோளத்தட்டைக் கட்டுக்குக் கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தேன். "ஆளு நிக்கிது, ஆளு நிக்கிது"ன்னு கத்தினேன். நீ "எங்கெ?"ன்னு கேட்டாய். கேட்டாயா இல்லையா? வண்டி அவளை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. அப்புறம்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

உரசி நின்றதும் நீ இறங்கி வண்டியைச் சுற்றிப் பார்த்தாய், என்னைத் திட்டினாய். அவள் பயத்தில் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டாள். அதை நீ கவனிக்கவேயில்லை.

ஒரு வருடமாகவே எனக்குச் சந்தேகம்தான். பஸ் போர்டை என்னைப் படிக்கச் சொல்வாய். விளையாட்டு என்று நினைத்தேன். சாயங்கால லோடு முடிந்து வந்தால் நெற்றியில் தைலம் தேய்க்காமல் படுக்க மாட்டாய். பனி என்பாய், தூக்கமில்லை என்பாய். நானும் சேர்ந்து உன்னைக் காப்பாற்றிக்கொண்டுதான் வந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. போன வருடமே சொல்லியிருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போ. தாளை வாங்கி வந்து ஒட்டு. நான் பசை காய்ச்சி வைக்கிறேன்.

சண்முகவள்ளி

*

திண்டுக்கல்,
3.1.2025

மதினிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கிழிக்கத்தான் போனேன். ரீனா பிடுங்கி வைத்துக்கொண்டாள். "ஆளு நிக்கிது" என்று நீங்கள் கத்தியது எனக்கு நினைவிருக்கிறது. "எங்கெ" என்று நான் கேட்டதும் நினைவிருக்கிறது. அதைத்தான் இத்தனை நாளாக நினைக்காமல் இருக்கப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன், ஜெயிப்பதற்காக. நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், பிறகு சிரித்துக்கொள்ளுங்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது உள்ளே ஒரு பெரியவர் எழுத்துகளைச் சத்தமாகப் படித்தார். கடைசி மூன்று வரியையும் மனப்பாடம் செய்துகொண்டேன். என் முறை வந்தது. கண் அளவெடுக்கிறவர் பெயர் ஃபாரிஸ், என்னைவிடச் சின்னவர். கடகடவென்று ஒப்பித்தேன். அவர் ஒரு பொத்தானை அமுக்கினார். எழுத்தெல்லாம் மாறிவிட்டது. "இப்பப் படிங்கக்கா"ன்னார். மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டேன்.

அப்புறம் திரையில் ஒரு சக்கரம் போட்டார். மாட்டு வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் கோடுகள். "எந்தக் கோடு நல்லாக் கறுப்பா இருக்கு?"

"படுத்திருக்கிற கோடு கறுப்பா இருக்கு. நிக்கிற கோட்டை மட்டும் ஏன் மங்கலா அடிச்சிருக்கீங்க?"

"எல்லாம் ஒரே கறுப்புதான்க்கா."

நான் நம்பவில்லை. எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். எல்லாம் ஒரே கறுப்பு. திரும்பி வந்து உட்கார்ந்தேன், நிற்கிற கோடு கலைந்துவிட்டது. இரும்பு பிரேம் ஒன்றை என் மூக்கில் மாட்டி, ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணாடித் துண்டை அதில் செருகி மெதுவாகத் திருகினார். ஒரு இடத்தில் வந்ததும் நிற்கிற கோடு பளிச்சென்று எழுந்து நின்றது. இன்னும் கொஞ்சம் திருகினார், திரும்பவும் கலைந்தது. மதினி, எனக்கு அழுகை வந்தது. அவமானமா கோபமா தெரியவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். கண்ணின் முன்பக்கம், கருவிழிக்கு மேலே, கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கிறதாம். அது பந்து மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே வளைவாக இருக்க வேண்டும். எனக்கு அது கரண்டியின் முதுகு மாதிரி, ஒரு பக்கம் வளைவு கூடுதல், ஒரு பக்கம் குறைவு. அதனால் உள்ளே போகிற வெளிச்சம் ஒரே இடத்தில் வந்து சேர்வதில்லை. படுத்த கோடு சரியான இடத்தில் சேர்கிறது, நிற்கிற கோடு அதற்கு முன்னாலேயே சேர்ந்து, பக்கவாட்டில் இழுபட்டுக் கலைந்துவிடுகிறது. ஒரு விளக்கு எனக்கு அகலமாகத் தெரியும் என்றார். பைக் லாரியானது அப்படித்தான். ரோட்டோரம் நிற்கிற ஆளும் நிற்கிற கோடுதானே.

பெயர் ஆஸ்டிக்மாட்டிசமாம். வியாதி இல்லை, மங்கிப்போனதும் இல்லை. பெரும்பாலும் பிறவியிலேயே இருக்கும், சிலருக்குப் பிறகும் வரும் என்றார். கீரை சாப்பிடாததால் வந்ததில்லை, டிவி பார்த்ததாலும் வந்ததில்லை. "இம்புட்டு நாளா எனக்கே தெரியலையே"ன்னேன். "வேற மாதிரி பாத்ததே இல்லையேக்கா, எப்படித் தெரியும்?"னார்.

சாதாரணப் பவர் கண்ணாடி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்யும். எனக்குத் தேவை ஒரு பக்கம் மட்டும் சரிசெய்கிற கண்ணாடி. ஆஸ்பத்திரிச் சீட்டில் அதை சிலிண்டர் என்று எழுதுகிறார்கள். சிரிக்காதீர்கள், நான் ஏற்கெனவே கேஸ் சிலிண்டரா என்று கேட்டுவிட்டேன். அந்தக் கண்ணாடியை எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்பதற்குப் பக்கத்தில் டிகிரி போடுகிறார்கள். எனக்கு வலது கண்ணுக்கு எழுபத்தைந்து, இடது கண்ணுக்கு நூற்றைந்து. கண்மேல் ஒட்டிக்கொள்கிற லென்ஸும் இருக்கிறது, லேசர் ஆபரேஷனும் இருக்கிறது. பூக்கூடையும் தூசியுமாகத் திரிகிறவளுக்குக் கண்ணாடிதான் நல்லது என்றார். கண்ணாடி போட்டால் வண்டி ஓட்டலாமா என்று கேட்டேன். டாக்டரம்மாவே உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள்: "போட்டுட்டு ஓட்டலாம். போடாம ஓட்டக் கூடாது."

ஸ்டியரிங்கை நீங்கள் இழுத்தது சரி. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. ஆனால் என்னிடம் சொல்லாமல் அண்ணனிடம் போய்ச் சொன்னது சரியில்லை. அதை விடமாட்டேன். வண்டியையும் விடமாட்டேன்.

உங்கள் மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

சுகன்யா

*

நிலக்கோட்டை,
9.1.2025

சுகன்யா,

கட்டுப் பிரித்தாகிவிட்டது. கூடை தூக்க முடிகிறது.

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் இல்லை, கரண்டி வரைக்கும். "கண்ணாடி போட்டா ஓட்டலாம்னு டாக்டரே சொல்லிட்டாக"ன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "சோடாபுட்டி போட்ட பொம்பளைய நம்பி எவன் பூ ஏத்துவான்? அவ இட்லிக் கடையிலயே இருக்கட்டும்"ன்னார். தொட்டுக்க வெஞ்சனம் கேட்டார். நான் எழுந்து போய்விட்டேன், அவரே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கிளெமென்ட் நன்றாகத்தான் ஓட்டுகிறான், போன் வராத வரைக்கும். போன் வந்தால் ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் போன். அவன் கண்ணை யாரும் சோதிக்கச் சொல்லவில்லை. உன் அண்ணன் கண்ணையும் யாரும் சோதிக்கவில்லை. சந்தையில் நிற்கிற முப்பது வண்டிக்காரர்களில் ஒருத்தரிடமாவது "இது எத்தனை" என்று யாராவது விரலைக் காட்டியிருக்கிறார்களா? இதை நான் நேற்றுத்தான் யோசித்தேன். யோசித்ததிலிருந்து எனக்கு உடம்பு எரிகிறது.

உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்கிறாய். உன்னிடம் சொன்னால் நீ என்ன செய்திருப்பாய் என்று நினைத்துப் பார். தாள் ஒட்டுகிறேன் என்றுதானே கிளம்பியிருப்பாய்? இருந்தாலும் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டாவது சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன். வண்டி போய்விட்டால் என் பிழைப்பும் அடுப்படியோடு முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் சொன்னேன். அதை மட்டும் நீ நினைவில் வைத்துக்கொள்.

பழனிக்குப் பாதயாத்திரைக் கூட்டம் நடக்க ஆரம்பித்துவிட்டது. ரோட்டோரம் முழுக்க ஆட்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாயங்காலம்தான்.

கண்ணாடி வந்ததா?

வள்ளி

*

திண்டுக்கல்,
25.1.2025

மதினி,

கண்ணாடி வந்த கதையைக் கேளுங்கள்.

பொங்கலுக்கு முன்னாலேயே ஒரு கடையில் கொடுத்து வாங்கினேன். போட்டதும் தரை பள்ளத்தில் இறங்குவது மாதிரி இருந்தது. படிக்கட்டில் காலைத் தேடித் தேடி வைத்தேன். இது ஃபாரிஸ் சொன்னதுதான், "மொத கொஞ்ச நாளு தரை சாஞ்ச மாதிரி இருக்கும், கழட்டாமப் போடுங்க, பழகிரும்" என்றிருந்தார். பழகப் பழக மோசமானது. தலைவலி கூடியது. போர்டு எல்லாம் பழையபடி கலைந்தே தெரிந்தது. பத்தாவது நாள் மாவு வாளியோடு நிற்கும்போதே வாந்தி எடுத்தேன். ரீனாவின் அம்மா, "கண்ணாடியே வேணாம்த்தா, கழட்டிப் போடு"ன்னார்.

கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "பவர் எல்லாம் சரியாத்தான் இருக்கு. உங்களுக்கு மனசுலதான் பிரச்சினை. வீட்டு வேலை பாக்குற பொம்பளைகளுக்கு அம்புட்டு துல்லியமெல்லாம் எதுக்கு?"

நான் வீட்டு வேலைக்காகக் கண்ணாடி வாங்கவில்லை, வண்டி ஓட்ட வாங்கினேன் என்றேன். அவர் சிரித்தார். கடையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் அங்கேயே சத்தம் போட்டிருப்பேன். இப்போது எனக்கே என்மேல் சந்தேகம். கண் நன்றாக இருக்கிறது என்று நான் சாதித்தது பொய்யாகப் போனது. இதுவும் வெறும் பிடிவாதம்தானோ? ரோட்டில் நின்று செத்த நேரம் யோசித்தேன். பிறகு நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், "இந்தக் கண்ணாடியை அளந்து சொல்லுங்க"ன்னு ஃபாரிஸ் முன்னால் வைத்தேன்.

அவர் ஒரு கருவிக்குள் வைத்துப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவது தடவையும் பார்த்தார். வலது கண்ணுக்கு எழுபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில் நூற்றைந்து. இடது கண்ணில் எழுபத்தைந்து. கடையில் இரண்டு சாய்வையும் மாற்றி வைத்துவிட்டார்கள். முப்பது டிகிரி தள்ளிப் போனால் சிலிண்டர் கண்ணாடி போட்டும் போடாத மாதிரிதானாம், கலங்கல் குறையாது, இல்லாத சாய்வு புதிதாக வந்துசேரும். சீட்டின் மேலேயே தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடைக்காரர் படித்துவிட்டு, "புதுப் பையன் செஞ்சது" என்றார். யார் செய்தார்கள் என்று கேட்க வரவில்லை, சரியாகச் செய்து கொடுங்கள் என்று அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்று நாளில் கொடுத்தார்கள்.

நேற்றோடு ஐந்து நாளாகிறது. தலைவலி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் திரும்பும்போதே வத்தலக்குண்டு என்று படிக்கிறேன். வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி, என்று நின்று நின்று எல்லாவற்றையும் படித்தேன். ஒரு கண்டக்டர், "எங்கம்மா போகணும், சும்மா பாத்துக்கிட்டே நிக்கிற?"ன்னார். எங்கேயும் போக வேண்டாம் என்றேன்.

ஆனால் ஒரு இடத்துக்குப் போனேன். செம்பட்டி பக்கம் அந்த டிராக்டர் எந்த ஊர் என்று விசாரித்து, கயிறு இழுத்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தேன். பெயர் மாயம்மாள். நம்மைவிட வயதில் பெரியவர். கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு வண்டி ஓட்டுனது நாந்தான். ஒங்களப் பாக்கவே இல்ல. கண்ணு சரியில்லாம ஓட்டிட்டேன்"னு சொன்னேன். அவர் பறிப்பதை நிறுத்தவில்லை. "எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக"ன்னார். அவ்வளவுதான். நான் நின்றேன். அடுத்த செடிக்கு நகர்ந்த பிறகு, "இப்பத் தெரியுதா?"ன்னு கேட்டார். தெரியுது என்றேன். "அப்பச் சரி. போய்ட்டு வா" என்றார். மன்னித்தாரா என்று தெரியாது. கேட்கவும் எனக்குத் தகுதியில்லை. பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் முகத்து மச்சம் வரை எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று. கூடப் பிறந்தவர்களுக்கும் இது இருக்க வாய்ப்புண்டு, பார்த்துவிடுவது நல்லது என்று ஃபாரிஸ் சொன்னார். இதோடு ஒரு தாளில் அந்தச் சக்கரத்தை ஸ்கேல் வைத்து வரைந்து அனுப்பியிருக்கிறேன். சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நிற்க வைத்து அண்ணனிடம் கேளுங்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொல்லுங்கள். இது முழுச் சோதனை இல்லை, ஆனாலும் கேளுங்கள்.

சுகன்யா

*

நிலக்கோட்டை,
1.2.2025

சுகன்யா,

கிளெமென்ட் பொங்கலோடு வேறு வண்டிக்குப் போய்விட்டான். அதை ரீனா சொல்லியிருப்பாள். அப்போதிலிருந்து உன் அண்ணனே ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். இரண்டாவது நாள், "ஏ வள்ளி, அந்தப் போர்டுல என்ன போட்டிருக்கு?"ன்னார். நீ கேட்ட அதே கேள்வி.

உன் தாள் வந்த அன்றே சுவரில் ஒட்டினேன். "இது என்ன கோலம்?"ன்னார். உங்கள் தங்கச்சி போட்டு அனுப்பியது, எந்தக் கோடு கறுப்பாக இருக்கிறது சொல்லுங்கள் என்றேன். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"படுத்த கோட்டை அழுத்தி வரஞ்சிருக்கா. நிக்கிறத மட்டும் மை தீந்த பேனாவுல வரஞ்சிருக்கா. ஏன் இப்படி?"

அவர் கையைப் பிடித்துச் சுவருக்குப் பக்கத்தில் கூட்டிப் போனேன். மூக்கு சுவரில் படுகிற தூரத்தில் நின்று பார்த்தார். பின்னால் போனார். திரும்ப முன்னால் வந்தார். அப்புறம் தாளைக் கிழித்துச் சுருட்டி எறிந்துவிட்டு, "டிராமா போடுறீகளா ரெண்டு பேரும்?"ன்னு கத்தினார். தைப்பூசத்துக்குப் பழனிக்கு லோடு போக வேண்டும், நான்தான் ஓட்டுவேன் என்றார்.

ரோடெல்லாம் பாதயாத்திரை ஆட்கள், சுகன்யா. கைக்குழந்தையோடு நடக்கிறார்கள். நான் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "கண்ணுதான் காரணம்னு சொல்லித்தான அவகிட்ட சாவிய வாங்குனீக? அந்தக் காரணம் ஒங்களுக்கும் இருக்கு. கண்ணாடி போட்டுட்டு வாங்க, தாரேன்."

"எங்கிட்டயே சாவிய எடுப்பியா? யாருன்னு நெனச்ச?"

"செம்பட்டியில ஸ்டியரிங்கப் பிடிச்சவதான். சாவியப் பிடிக்க மாட்டேனா?"

கை ஓங்கினார். அடிக்கவில்லை. நான் நகரவும் இல்லை. பக்கத்து வீட்டு பேச்சாயி வாசலில் வந்து நின்றாள், அதனாலா என்று தெரியாது.

நான்கு நாளாக வண்டி நிற்கிறது. சம்பங்கி பஸ்ஸில் போகிறது. அவர் என்னோடு பேசுவதில்லை. சாவி இன்னும் என் இடுப்பில்தான். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை.

வள்ளி

*

திண்டுக்கல்,
5.2.2025

அன்புள்ள மதினி,

நேற்று அண்ணன் வந்தார். இட்லிக் கடை வாசலில் நின்று, இரண்டு இட்லி சாப்பிட்டு, கை கழுவிய பிறகுதான் பேசினார். "அந்த ஆஸ்பத்திரி எங்க இருக்கு?"

கூட்டிப் போனேன். ஃபாரிஸ் அவருக்கும் அந்த இரும்பு பிரேமை மாட்டி, "இதுல நல்லாத் தெரியுதா, அதுலயா? ஒண்ணா, ரெண்டா?" என்று மாற்றி மாற்றிக் கேட்டார். அண்ணன் பரீட்சைக்கு உட்கார்ந்த பையன் மாதிரி தொடையில் கையை வைத்துக்கொண்டு பதில் சொன்னார். எனக்கு இருப்பதைவிட அவருக்குக் கூடுதல். நிற்கிற கோடு எழுந்து நின்றபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். தூசி என்றார். அறைக்குள் ஏது தூசி. கண்ணாடி நாளை மறுநாள் வரும். இந்தத் தடவை சீட்டையும் கண்ணாடியையும் நானே வாங்கிக்கொண்டு போய் அளந்து பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் சொன்னார்: "எனக்குக் கண்ணாடி பழக நாளாகும். தைப்பூச லோடு நீயே ஓட்டு. ஆனா ஒண்ணு, சந்தைக்குள்ள வரும்போது கண்ணாடியக் கழட்டிரு. அவனுக சிரிப்பானுக."

நான் முடியாது என்றேன். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் சொன்னேன். கழற்ற மாட்டேன். சந்தையில் கழற்றினால் நான் ஏதோ திருட்டுத்தனம் செய்கிற மாதிரி ஆகும். இன்னும் கொஞ்ச நாளைக்குப் பகலில் மட்டும்தான் ஓட்டுவேன். தைப்பூசத்தோடு சாவியைத் திருப்பி வாங்குகிற பேச்சு இருக்கக் கூடாது. அப்புறம், "தங்கச்சிக்குக் கண்ணு மங்கிப்போச்சு" என்று எந்த இடத்தில் நின்று சொன்னாரோ, அந்த இடத்தில் நின்று, அப்படியில்லை என்று அவரே சொல்ல வேண்டும்.

"ரொம்பப் பண்றடி"ன்னார். ஆமாம் என்றேன். பஸ் ஏறிப் போய்விட்டார்.

சொல்வாரா என்று தெரியாது. சொல்லாவிட்டால் வரமாட்டேன். உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, இருந்தாலும் வரமாட்டேன்.

சுகன்யா

*

நிலக்கோட்டை,
8.2.2025

சுகன்யா,

இன்று காலையில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

நீ அளந்து பார்த்து அனுப்பிய புதுக் கண்ணாடியோடு சந்தைக்குள் நடந்தார், ஒவ்வொரு அடியையும் பள்ளத்தில் இறங்குவது மாதிரி வைத்து. கூடை இறக்குகிறவன், உன்னிடம் விரலைக் காட்டினானே அவனேதான், "என்னண்ணே, ஒங்களுக்கும் மங்கிப்போச்சா?"ன்னு கேட்டான். உன் அண்ணன் நின்றார். தொண்டையைக் கனைத்தார். "மங்கலப்பா. எங்க ரெண்டு பேருக்கும் கண்ணோட வளைவு அப்படி. அவ மொதல்லயே பாத்து சரிபண்ணிட்டா. நான் தப்பாச் சொல்லிட்டேன். நாளைக்கு அவதான் வண்டி எடுக்குறா." சிரித்தார்கள். அவர் காது சிவந்துபோனது. ஆனால் கண்ணாடியைக் கழற்றவில்லை. கிளெமென்ட் சிரிக்காமல், எந்த ஆஸ்பத்திரி என்று தனியாக வந்து கேட்டுக்கொண்டான்.

நீ கேட்டது அழகாக நடக்கவில்லை. ஆனால் நடந்தது. அதனால் நாளை காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு. லோடு எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும், பகலோடு பழனி போய்விடலாம். கண்ணாடி மூக்கில் இருக்கட்டும்.

வண்டியைக் கழுவி, ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருக்கிறேன். உன் அண்ணனா என்று கேட்காதே, அவருக்கு இன்னும் தரையே சாய்ந்துதான் தெரிகிறது. நான்தான் திருப்பினேன். முதல் தடவை. வேலிக்கல்லில் இடது பக்கம் கொஞ்சம் உரசிவிட்டது.

வந்து திட்டு. திட்டி முடித்துவிட்டு, ரிவர்ஸ் எப்படிப் போடுவது என்று ஒழுங்காகச் சொல்லிக்கொடு.

வள்ளி